பதின்மூன்றாவது நவநாஜி

1

கொழும்பு வெள்ளவத்தையில் நாஜிகள் மறுபடி தலையெடுக்காமல் தனியொருவராகத் தடுத்தவர் சிவானந்தன். படை பட்டாளம் கிடையாது. ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு கூட்டக் குறிப்புக் கொப்பி, ஒரு கேள்வி.

(சிவானந்தன் நான்தான். மூன்றாம் ஆளாக எழுதினால் கூச்சமில்லாமல் புளுகலாம். பாராளுமன்றத்தில் முப்பது வருடம் மற்றவர்கள் பேசியதை அப்படியே எழுதிக் கொடுத்த ஆளுக்கு இந்தச் சலுகையாவது வேண்டாமா?)

எதிர்வீட்டு மாக்ரெட்தான் என் முதல் வாசகி. மேலே முதல் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறா: "புளுகு."

2

அன்று மாலை கடல் கொந்தளித்து... வேண்டாம். கடல் சும்மாதான் கிடந்தது.

தொலைக்காட்சியில் கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் நவநாஜி என்று திட்டித் திட்டி, அந்தச் சொல் எங்கள் தொடர்மாடிக்கும் குடிவந்துவிட்டது. மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடாதே என்றவர் நவநாஜி. ஜெனரேட்டரை நேரத்தோடு நிறுத்தியவர் நவநாஜி. பூனைக்குச் சோறு வைக்காதே என்ற மாக்ரெட்டும் நவநாஜி. குடியிருப்போர் சங்கச் செயலாளர் சிவானந்தனின் கொப்பியில் ஒரே வருடத்தில் பன்னிரண்டு பேர். பெர்லினில்கூட இவ்வளவு...

(இந்த வரியை விட்டுவிடுகிறேன். அங்கே செத்தவர்களை வைத்துப் பகிடி விடக்கூடாது.)

3

நான்காம் மாடியில் ஒரு வீடு காலி. சொந்தக்காரர் கனடாவில், வாடகைக்கு விடும் பொறுப்பு சங்கத்துக்கு. மூன்றாம் மாடி ஜவாதின் மகள் ஜுமானா அதைக் கேட்டிருந்தா. அன்றைய கூட்டத்தில் சங்கத் தலைவர் ஜனா ஒரு தீர்மானத்தோடு எழும்பினார்: இனி வீடு "எங்கட ஆக்களுக்கு" மட்டும்.

ஜவாத் எழும்பினார். "இது நவநாஜி வேல."

எல்லோரும் சிரித்தார்கள். பதின்மூன்று என்று ஜனாவே எண்ணிச் சொன்னார். உண்மையாகவே தேவைப்பட்ட நாளில் அந்தச் சொல்லில் சத்து இல்லை. ஜவாத் உட்கார்ந்துவிட்டார். நாற்பது கைகள் உயர்ந்தன. (இருப்பதே பதினாறு வீடு. சரி, பதினொரு கை.)

சிவானந்தனுக்குப் பழைய தொழிற்பழக்கம் ஒன்று: விளங்காததைப் பேசியவரிடமே கேட்டுத்தான் எழுதுவார். கொப்பியில் எழுதியிருந்த ஜவாதின் சொல்லைப் பேனாவால் வெட்டினார். கண்ணாடியைத் துடைத்தார்.

"தலைவர், எங்கட ஆக்கள் எண்டா ஆர்?"

"உங்களுக்குத் தெரியாதே, அண்ணை?"

"எனக்குத் தெரியும். கொப்பிக்குத் தெரியாது. ஜவாதின் மகள் ஜுமானாவுக்கு வீடு இல்லை, ஏனெண்டால்... மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கோ, எழுதுறன். பிறகு கை தூக்கின ஆக்களின்ர பெயரையும்."

ஜனா ஜவாதைப் பார்த்தார். பிறகு விசிறியைப் பார்த்தார். அவருக்கு அந்த மிச்சம் வரவில்லை. எங்கிருந்தோ ஒரு கை இறங்கியது. அதன் பின்னால் மற்றவையும்.

4

முடிவில், ஜனா கண்ணீர் மல்க... இல்லை. தீர்மானம் விழுந்தது, அவ்வளவுதான். போன கிழமை ஜுமானா சாமான்களோடு வந்து இறங்கினா. ஜவாத் அனுப்பிய இனிப்பு வட்டிலப்பம் என் மேசையில்.

நாஜிகளைத் தடுத்தேனா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். மாக்ரெட் முழுக்கதையும் வாசித்துவிட்டுத் தன் "புளுகு"வை அழித்திருக்கிறா. அந்த இடத்தில் இப்போது இருப்பது இது:

"நடந்ததுதான், அண்ணை. முதல் இறங்கினது என்ர கை."