வாசனை: இல்லை

ஆய்வுக்கூடத்தின் சேகரிப்பு அறையில் நாற்பதாயிரம் காளான்கள் காகித உறைகளுக்குள் தூங்குகின்றன. காய்ந்தபின் எல்லாமே ஒரே பழுப்பு. நிறமும் போச்சு, மணமும் போச்சு. அதனால் உலர்த்தும் பெட்டிக்குள் வைப்பதற்கு முன்பே சீட்டு எழுதியாக வேண்டும்: எந்த மரத்தடி, என்ன நிறம், என்ன வாசனை. எழுதுகிறவளைச் சீட்டக்கா என்பார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் வந்த காய்ச்சல், போகிற போக்கில் அவள் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்தாள். சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். ‘வாசனை: இல்லை’ என்றே எழுதிப் பழகிவிட்டாள். மத்தியானம் மேசையில் தலை சாய்த்தால் மட்டும் இழுப்பறைகள் தாமாகத் திறக்கும். ஈர இலையும் மக்கிய மரமும் மணக்க மணக்க, காடு மெல்ல அறைக்குள் ஏறி வரும். ஆசை தீர முகர்வாள். கண் விழித்தால் வெறும் காற்று.

பக்கத்து அறையில் உருப்பெருக்கியே கதியென்று கிடப்பவன் அவளுடைய அண்ணன். காளான் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அன்று காலை துள்ளிக் குதிக்காத குறையாக ஓடி வந்தான்.

"பாப்பா, போன வருஷத்துச் சாம்பல் காளான் அப்படியே நாத்தக் காளான் மாதிரி இருக்கு. ஆனா வாசனையே இல்லைன்னு எழுதியிருக்க. அப்ப இது புது இனம்! உன் பேரைத்தான் வைக்கப் போறேன். நாளைக்கே கட்டுரையை அனுப்பிடுவேன்."

சிரித்து வைத்தாள்.

மதியம், காட்டிலிருந்து காளான் கொண்டு வரும் வண்டிக்காரர் கூடையோடு வந்தார். "சீட்டக்கா, அதே மரத்தடி, அதே சாம்பல் காளான். போன வருஷம் மாதிரியே வண்டியெல்லாம் நாறுது. அழுகுன மீன் தோத்துடும்!"

கூடைக்குள் முகத்தைப் புதைத்தாள். ஒன்றுமில்லை. பாழாய்ப்போன மூக்கு!

அங்கே பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது. தப்பென்றால் கீழே புதுச் சீட்டு ஒட்டி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். நூறு வருடம் கழித்து வருகிறவர்களும் படிப்பார்கள். கிழிக்க முடிந்திருந்தால் கிழித்திருப்பாள், அதை மறைப்பானேன். ‘வாசனை தெரியாது. எழுதியவளுக்கு மோப்பம் இல்லை’ என்று எழுதி, போன வருடத்து உறையில் ஒட்டினாள். மூன்று வருடத்து உறைகள் அத்தனைக்கும் எழுத வேண்டும், முதலில் இது. உறையையும் கூடையையும் அண்ணன் மேசையில் வைத்தாள்.

அவன் படித்தான். மறுபடியும் படித்தான். முகம் தொங்கிப்போயிற்று.

"மூணு வருஷமாவா?"

"ம்."

"ஒரு பூ வாசம் கூட இல்லையா?"

"இல்லண்ணா."

"என்கிட்ட கூடவா சொல்லல?"

கட்டுரையைத் தள்ளி வைத்தான். கூடையிலிருந்து ஒரு காளானை எடுத்து மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"எழுதிக்கோ. மேலாக மீன் நாத்தம். அதுக்கடியில, மழையில நனைஞ்ச கம்பளி."

சீட்டு கண்ணுக்குத் தெரியவில்லை அவளுக்கு, அவ்வளவு கண்ணீர்.

"மெதுவா சொல்லுண்ணா," என்றாள்.