பிராண்டனின் இருமல்

சாந்தினி மலேசியாவின் பெர்மாஸ் ஜெயாவில் பள்ளி வேன் ஓட்டுகிறாள். அந்த வியாழக்கிழமை, வேனில் வரும் பதினோரு பிள்ளைகளில் ஐந்து பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். முதலில் இருமியவன் ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிராண்டன். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழி முழுக்க அவன் தலையில் விழுந்தது.

"அவன இனிமே ஏத்தாதீங்கக்கா," என்று ஷர்மினி நேரிலேயே வந்து சொன்னாள். அவளுடைய மகளுக்கும் காய்ச்சல்.

சாந்தினியால் மறுக்க முடியவில்லை. பிராண்டனின் அம்மா வினிஃப்ரெட்டுக்கு, வேறு வேன் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் செய்தி அனுப்பினாள். 'சரிக்கா' என்று மட்டும் பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை சாந்தினிக்கே மூச்சு வாங்கியது. கிளினிக்கில் மூக்குக்குள் குச்சி விட்டுச் சோதித்த டாக்டர் ரூபினி, "இன்ஃபுளுவென்சா பி," என்றார்.

"வேன்ல ஒரு பையன்கிட்டருந்து ஒட்டிக்கிச்சு, டாக்டர்."

"அவனுக்கும் பி-தானா?"

சாந்தினி அங்கேயே வினிஃப்ரெட்டை அழைத்துக் கேட்டாள். பிராண்டனுக்கு ஏ. குழுவில் மூன்று பெற்றோர் போட்டிருந்த பரிசோதனை அறிக்கைகளைத் தேடிப் பார்த்தாள். மூன்றிலும் பி.

"ரெண்டும் ஃப்ளூதான், ஆனா வேற வேற கிருமி," என்றார் டாக்டர். "ஏ அடிக்கடி உருமாறும், பறவைங்க, பன்னிங்ககிட்டயும் இருக்கும். பி பெரும்பாலும் மனுசங்களுக்குள்ளதான் சுத்தும். ஏ வந்தவன்கிட்டருந்து பி ஒட்டாது. உங்களுக்கு எப்ப ஆரம்பிச்சிச்சு?"

"ஞாயித்துக்கிழமை தொண்ட கரகரன்னு இருந்திச்சு. திங்கக்கிழமை காய்ச்சல். பெனடால் மாத்திர போட்டுக்கிட்டு வேன் ஓட்டுனேன்."

"ஜன்னல மூடி, ஏர்கான் போட்டா?"

சாந்தினி தலையசைத்தாள். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் கைக்குள் தும்மியதும், அதே கையால் சின்னப் பிள்ளைகளுக்கு பெல்ட் மாட்டிவிட்டதும் கண்முன் வந்தன.

கிளினிக்கிலிருந்து வந்து வேனில் ஏறி உட்கார்ந்தாள். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பிறகு குழுவில் குரல் செய்தி போட்டாள்: "பிராண்டன் மேல தப்பில்லலா. அவனுக்கு வந்தது வேற வகை. பிள்ளைங்களுக்கு என்கிட்டருந்துதான் வந்திருக்கணும். காய்ச்சலோட வேன் எடுத்தது என் தப்பு. மன்னிச்சிருங்க."

இரண்டு பேர் பிள்ளைகளை வேனிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மறுநாள் ஷர்மினி அழைத்தாள். நேரில் போய் மன்னிப்புக் கேட்க, வினிஃப்ரெட்டின் வீட்டு முகவரியைத்தான் முதலில் கேட்டாள்.

அன்று மாலை வினிஃப்ரெட்டே சாந்தினியை அழைத்தாள். "தன்னாலதான் எல்லாருக்கும் வந்திச்சுன்னு பிராண்டன் ரெண்டு நாளா அழுதுகிட்டே இருந்தான்க்கா. உங்க குரல நாலு தடவ போட்டுக் கேட்டான்."

"அவன்கிட்ட நான் பேசலாமா?" என்று கேட்டாள் சாந்தினி.