அண்டியெண்ணெய் பூசிய பெட்டி

எங்கள் வீட்டில் நான்கு கேமரா. கேட்டில் ஒன்று, ஹாலில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, அடுக்களையில் ஒன்று. என் வீட்டுக்காரர் சிஜின் குவைத்தில் இருந்துகொண்டு நான்கையும் போனில் பார்ப்பார். நான் கேஸை அணைக்க மறந்து போவேனாம், அதற்காக அடுக்களைக் கேமரா. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட நான் கேஸை அணைக்க மறந்ததில்லை.

அவர் நல்லவர் என்று ஊரே சொல்லும். கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை, வெளியே போகாதே என்று சொன்னதும் இல்லை. எங்கே போனாய் என்று மட்டும் கேட்பார். திங்கள்சந்தையில் ஒரு பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போன் அடிக்கும். ஒரு மணிக்கூறு ஆச்சே பெமி, கடையில் கூட்டமா என்பார். இதை யாரிடம் போய்ப் புகாராகச் சொல்வது? சொன்னால் உனக்கு என்ன குறை என்று என்னைத்தான் கேட்பார்கள்.

நான்கு கேமராவுக்கும் தப்பிய இடம் ஒன்று இருந்தது. அடுக்களைக்குப் பின்னால், தகரக்கூரை போட்டு மூன்று பக்கமும் கம்பி கிரில் வைத்து, மீன் கழுவவும் விறகடுப்பு எரிக்கவும் விட்டிருந்த இடம். ஒர்க் ஏரியா என்போம். அங்கே போய் நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. நைட்டியை முழங்கால் வரை ஏற்றிவிட்டுக் காலை நீட்டி உட்காருவேன். சில நாள் அழுவேன், சில நாள் சும்மா பாடுவேன். அதை யாரும் பார்க்கவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

காலை ஒன்பது மணிக்குக் கடியப்பட்டணத்து இசபெல் அக்கா தலையில் மீன் சருவத்தோடு பின்வாசல் வழியே அங்கேதான் வருவாள். சருவத்தை இறக்கிவைத்துவிட்டு, ஒரு கிளாஸ் கட்டன்சாயா குடித்துக்கொண்டே எனக்கு மீனையும் வெட்டித் தருவாள். வாய் ஓயாது. அவளைக் கட்டிய மாப்பிள்ளை சூசையைத் திட்டுவாள், பஸ் கண்டக்டரைத் திட்டுவாள், கடைசியில் என்னைத் திட்டுவாள். அந்த அரைமணி நேரம் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். அலங்காரமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே பிடித்திருக்கும்.

போன லீவில் வந்தபோது அவர் திருவனந்தபுரத்தில் ஒரு கூட்டுக்காரனிடம் இருந்து இகுவானா ஒன்று வாங்கி வந்தார். பச்சை நிறத்தில், தாடை தொங்க, நம் ஓந்தானுக்குப் பணக்காரச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். அதை வைத்துக்கொள்ள அரசாங்கத்தில் பதிவு செய்த காகிதமும் உண்டு. பெயர் ரெக்ஸ். செம்பருத்தி இலையும் முருங்கை இலையும் தின்று எட்டு மாதத்தில் என் கை நீளம் வளர்ந்துவிட்டது. மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் வால் மடங்கிக் கிடந்தது. கேமராவில் அதைப் பார்த்து அவர் வருத்தப்பட்டார்.

அது மூச்சுமுட்டி இருக்கிறது பெமி, அதற்கு நடக்க இடம் வேண்டும், ஏற உயரம் வேண்டும், இடம் பற்றாவிட்டால் மனசு ஒடிந்துபோகுமாம் என்று சொல்லி, மரத்தில் கூடு செய்வது எப்படி என்று ஒரு வெள்ளைக்காரன் போட்ட வீடியோவையும் அனுப்பினார். போனைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன், தலைக்கு மேலே ஹால் கேமரா.

ராஜையன் ஆசாரியைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"நான் இல்லாத்த நேரத்துல ஒரு ஆம்பிள மூணு நாளு வீட்டுக்குள்ள நின்னு வேல செய்தா, ஆளுவ நாலு விதமா பேசுவாவ பெமி. உன்னத்தான் பேசுவாவ. நீயே செய்யேன். வீடியோவுல எல்லாம் இருக்கு."

அப்படித்தான் நான் ஆசாரி ஆனேன். பழைய வீட்டை இடித்தபோது மச்சில் இருந்து எடுத்த அயனிப் பலகைகள் ஷெட்டில் கிடந்தன. அளவெழுதி மில்லுக்குக் கொடுத்தனுப்பி அறுத்து வாங்கினேன். நாலடி நீளம், நாலடி உயரம், இரண்டடி அகலம். தூசி பறக்கும் என்று சொல்லி ஒர்க் ஏரியாவில் வைத்தே வேலையைத் தொடங்கினேன். முதல் நாள் டிரில் மிஷின் கையைவிட்டுத் துள்ளி ஓடியது. இரண்டாம் நாள் ஒரு பலகை கீறிப் பிளந்தது. மூன்றாம் நாள் மூலையில் இரண்டு பலகை ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் போய்ப் பொருந்தியபோது, நான் தனியாக நின்று கைதட்டினேன்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தப் பன்னிரண்டு நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். காலையில் எழும்போதே இன்று கீல் வைக்க வேண்டும், இன்று முன்பக்கக் கண்ணாடி இறங்கி நிற்கக் காடி எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன். இசபெல் அக்கா கட்டன்சாயாவோடு வந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். பலகையைத் தட்டிப் பார்த்து, நம்ம வீட்டுக் கதவுகூட இவ்வளவு பலமில்லை என்பாள்.

கடைசியில் ஈரம் இறங்காமல் இருக்க மரத்துக்கு உள்ளும் புறமும் ஏதாவது பூச வேண்டும் என்று வீடியோக்காரன் ஒரு டப்பாவைக் காட்டினான். அந்தப் பெயரில் திங்கள்சந்தையில் ஒன்றும் கிடைக்காது. எங்கள் பக்கத்தில் மரம் என்றால் பூசுவதற்கு ஒன்றே ஒன்றுதான், அண்டியெண்ணெய். அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டையை வறுக்கும்போது அதன் தோட்டில் இருந்து இறங்கும் கறுப்பு எண்ணெய். வீட்டு உத்தரத்துக்கும் அதுதான், கடலில் போகும் வள்ளத்துக்கும் அதுதான். பூசிய மரத்தைக் கரையான் திரும்பிப் பார்க்காது. என் அப்பா எங்கள் வீட்டுக் கூரைக் கழுக்கோலுக்கு வருஷந்தோறும் பூசுவார். எனக்கு இரண்டாம் யோசனையே வரவில்லை.

இசபெல் அக்காவுக்கும் வரவில்லை. சூசையண்ணனின் வள்ளத்துக்கு வாங்கியதில் மிச்சம் இருந்த அரை டின்னை அவளே சருவத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தாள்.

"கையில தேங்காயெண்ண தேச்சுட்டுத் தொடு மக்கா, இல்லேன்னா தோலு உரிஞ்சு போவும். இத ஒருக்கா பூசினா ஒனக்க பேரப்பிள்ளையளு காலத்துலயும் இந்தப் பெட்டி கெடக்கும், கேட்டியா."

இரண்டு பேருமாக உள்ளும் புறமும் பூசினோம். எவ்வளவு தேங்காயெண்ணெய் தேய்த்தும் என் விரலிடுக்கில் தோல் உரிந்தது. அது எனக்குப் பெருமையாகவே இருந்தது. இரண்டு நாள் முற்றத்து வெயிலில் காயவைத்தேன். மரம் கறுத்துப் பளபளத்தது.

பெட்டி ஹாலில் சோபா பக்கத்தில் வைப்பதற்காகச் செய்தது. உள்ளே சூட்டுக்கு ஒரு விளக்கு, ரெக்ஸைப் பக்கத்தில் பார்க்க ஒரு சின்னக் கேமரா. இரண்டும் கூரியரில் வந்திருந்தன. ஹாலில் ஏற்கனவே ஒரு கேமரா இருப்பதால் இன்னொன்று வருவதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து ரெக்ஸை உள்ளே விட்டு விளக்கைப் போட்டேன். என் கைவேலையைக் கேமராவில் பார்த்துவிட்டு அவர் பாராட்டினார். கிட்டத்தட்ட ஒரு ஆசாரி செய்த மாதிரி இருக்கு என்றார்.

திங்கட்கிழமை மதியம் ரெக்ஸ் வாயைப் பிளந்துகொண்டு கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றது. கண் மூடியிருந்தது. கதவைத் திறந்ததும் என் முகத்தில் அடித்த காரமான நெடியில் எனக்கே கண்ணில் நீர் வந்தது. வெயிலில் காய்ந்தபோது வராத நெடி, விளக்குச் சூட்டில் மரத்துக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. விளக்கை அணைத்தால் குளிரில் சுருண்டுவிடும், போட்டால் மூச்சு முட்டும். வெளியே எடுத்துத் தரையில் விட்டேன். அதற்குள் போன் அடித்தது.

என்ன பூசினாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். யாரிடமோ கேட்டுவிட்டு அரைமணியில் திரும்ப அழைத்தார். நல்ல காற்றோட்டம் இருந்தால் போதுமாம், இரண்டு மாதத்தில் நெடி போய்விடுமாம்.

"ஒர்க் ஏரியாவுல வச்சிரு பெமி. மூணு பக்கமும் காத்து. யோசிச்சா அதுதான் அதுக்கு நல்ல எடம். அங்கயே இருக்கட்டு. கேமரா வயரு அதுவரைக்கும் எட்டும்."

மொட்டைமாடி ரூமில் வைக்கட்டுமா என்றேன். வெக்கை என்றார். முற்றத்தில் என்றேன். பூனை என்றார். விறகுப்புகை வருமே என்றேன். விறகடுப்பை இனிமேல் எரிக்காதே, கேஸ் இருக்கிறதே என்றார்.

"ஏன் பெமி, அங்க வச்சா ஒனக்கு என்ன?"

அந்தக் கேள்வியை அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். இந்த வீட்டில் எனக்கு இருப்பது அந்த இடம் ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அங்கே அப்படி என்ன செய்கிறாய் என்று வரும். அதற்குக் காலை நீட்டி உட்காருகிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"எனக்கு ஒண்ணுமில்ல அத்தான்" என்றேன்.

போனை வைத்த பிறகு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. ரெக்ஸை மறுபடி பெட்டிக்குள் விட்டு, விளக்கையும் போட்டுவிட்டு, தூங்கிவிட்டேன் என்று சொன்னால் என்ன? நாளைக்குள் முடிந்துவிடும். ரெக்ஸும் இருக்காது, பெட்டியும் இருக்காது, கேமராவும் இருக்காது. தரையில் கிடந்த அதைப் பார்த்தேன். வாயைத் திறந்து திறந்து மூடியது. பக்கவாட்டு விலா ஏறி இறங்கியது. ஒரு கொழுந்து முருங்கை இலையை நீட்டினேன், தின்னவில்லை, ஆனால் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. பாவி, அந்தப் பூச்சு நான் பூசியது. ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

முழுப்பெட்டியை ஒருத்தியாகத் தூக்க முடியாது. நான் போட்ட முப்பத்தாறு ஸ்குரூவையும் நானே கழற்றி, பலகை பலகையாகக் கொண்டுபோய், காற்றுப் போக பின்பலகைக்குப் பதில் கம்பிவலை அடித்து, ஒர்க் ஏரியாவில் மறுபடி பூட்டினேன். சாயங்காலம் ரெக்ஸை உள்ளே விட்டு, கேமராவையும் பெட்டிக்குள் அதன் பழைய மூலையில் வைத்தேன். கண்ணாடி வழியாக அதற்கு எல்லாம் தெரிந்தது. மீன் கழுவும் கல், நான் உட்காரும் இடம், பின்வாசல். அதற்குக் காதும் உண்டு.

மறுநாள் ஒன்பது மணிக்கு இசபெல் அக்கா வந்து சருவத்தை இறக்குவதற்குள் போன் அடித்தது. குவைத்தில் அப்போது ஆறரை, கம்பெனி பஸ்ஸில் இருப்பார். அது ஆரு என்று கேட்டார். மீன்காரி என்றேன். மீன்காரியை எதற்கு உள்ளே உட்கார வைக்கிறாய், வெளியே நின்று கொடுத்துவிட்டுப் போகட்டுமே என்றார். ஸ்பீக்கரில் இல்லை, ஆனாலும் இசபெல் அக்காவுக்குக் கேட்டிருக்கும். அவள் கட்டன்சாயா கிளாஸைக் கல்லின் மேல் வைத்தாள். எட்டு அயிலை மீனை எண்ணிப் போட்டுவிட்டு, சருவத்தைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அன்று மீனை நானே வெட்டினேன்.

அடுத்த நான்கு நாளும் அவள் கிரில்லுக்கு வெளியே நின்றே மீனைத் தந்தாள். நான் முதுகைக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டு வாங்கினேன். ஒர்க் ஏரியாவில் உட்காரவில்லை. எங்கேயும் உட்காரப் பிடிக்காமல், அறை அறையாக நடந்தேன். ரெக்ஸ் மட்டும் தேறிவிட்டது. இலை தின்றது, கண்ணாடியைச் சுரண்டியது. காலையில் எட்டரைக்கு விளக்கைப் போட்டால் உடனே அதற்கு நேர் கீழே போய், வயிற்றைத் தட்டையாக்கிக்கொண்டு ஒரு மணிக்கூறு அசையாமல் கிடக்கும். ஐந்தாம் நாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்று மதியம் அவருக்குப் போன் செய்தேன். ரெக்ஸுக்கு ஏறிப் படுக்க ஒரு கொம்பு வேண்டும், வீடியோவில்கூட அந்த வெள்ளைக்காரன் வைத்திருக்கிறான் என்றேன். சந்தோஷப்பட்டார். பின்பக்கத்துக் கொய்யாவில் இருந்து கைத்தண்டி பருமனில் ஒரு கொம்பை வெட்டி, பட்டையைச் சீவினேன். அளவெடுத்தேன். விளக்கையும் ஒரு சாண் நகர்த்தினேன். கொம்பின் ஒரு நுனி கேமராவுக்கு இரண்டு விரல் முன்னால், சரியாக விளக்குக்குக் கீழே வந்தது. ஆடாமல் இருக்க நான்கு ஸ்குரூ போட்டேன்.

மறுநாள் எட்டே முக்காலுக்கு ரெக்ஸ் கொம்பில் ஏறி, நுனியில் படுத்து, வயிற்றைப் பரப்பியது. என் போனிலேயே அந்தக் கேமராவைத் திறந்து பார்த்தேன். திரை முழுக்கப் பச்சைச் செதில். கல் இல்லை, பின்வாசல் இல்லை.

இசபெல் அக்கா வந்தபோது நான் உதட்டில் விரலை வைத்தேன். கிரில்லைத் திறந்து அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், ரெக்ஸின் முதுகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டு சத்தம் வராமல் சருவத்தை இறக்கினாள். கட்டன்சாயா கொடுத்தேன். தரையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஊர் முழுக்கத் திட்டித் தீர்க்கிறவள், வாயை மூடிக்கொண்டு என் உரிந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. அதையும் சத்தம் இல்லாமல்தான் அழ வேண்டியிருந்தது.

ரெக்ஸ் தலையைத் தூக்கியது. இசபெல் அக்கா பாதி எழுந்தாள். அது வாலை மட்டும் தள்ளிப் போட்டுவிட்டு மறுபடி படுத்தது. அவள் திரும்ப உட்கார்ந்தாள்.

மடியில் இருந்த போனில் அவருடைய மெசேஜ் வந்தது. ரெக்ஸ் இவ்வளவு பக்கத்தில் தெரிகிறது, அதற்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று போல என்று எழுதியிருந்தார்.

ஆமா அத்தான் என்று பதில் அனுப்பினேன். ரெக்ஸ் கொம்பை விட்டு இறங்க இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.