நற்சான்றில் ஐந்து சொற்கள்

நற்பெயரின் விலை அந்தத் தெருவில் சொல்லுக்கு இரண்டு காசு. மொழிபெயர்ப்புக் கடைக்காரர் கண்ணாடிக் கதவில் அப்படித்தான் எழுதி ஒட்டியிருந்தார். அதைப் படித்ததுமே பொத்தான் கடைக்காரருக்கு முகம் சுருங்கியது. எழுதி ஒட்டிய விலையை அப்படியே கொடுப்பது அவர் வம்சத்திலேயே கிடையாது.

வந்த காரியமோ பெரியது. அவருடைய அக்கா மகள் நான்கு வருஷமாக அவர் கடையில் மாடாய் உழைத்தவள். இப்போது ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் நிரந்தர வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். கிடைத்தால் தாயும் மகளும் ஒண்டுக்குடித்தனத்திலிருந்து தப்பிக்கலாம். அதற்கு முதலாளியிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு நற்சான்று வேண்டும். ஒட்டிய உறையில் வர வேண்டும். மனுப் போட்டவர் பிரிக்கக் கூடாது.

பொத்தான் கடைக்காரர் மனமுருகிச் சொன்னார். கல்லாவில் எப்படி, சரக்கறையில் எப்படி, சண்டைக்கு வரும் வாடிக்கையாளரிடம் எப்படி, பண்டிகைக் கூட்டத்தில் எப்படி, ஆள் வராத நாளில் எப்படி என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லி, ஒவ்வொன்றையும் "தேவைக்கு ஏத்த மாதிரி மாறிக்குவா" என்று முடித்தார். மொழிபெயர்ப்பாளர் ஐந்து இடத்திலும் 'ஃப்ளெக்சிபிள்' என்று தட்டினார்.

பொத்தான் கடைக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது; எண்ணத் தெரியும்.

"என்னய்யா இது? ஒரே வார்த்தைய அஞ்சு தடவ தள்ளி விடறீங்க? ஒரு டஜன் பொத்தான்ல ஒண்ணயே பன்னெண்டு தடவ எண்ணிக் குடுத்தா வாங்குவீங்களா?"

"அர்த்தம் ஒண்ணுதானே அண்ணாச்சி."

"அர்த்தம் ஒண்ணா இருக்கட்டும். சரக்கு புதுசா இருக்கணும். இல்லேன்னா ஒண்ணுக்குத்தான் காசு."

அந்தத் தெருவில் எல்லாரும் இப்படித்தான் மல்லுக்கு நிற்பார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு அலுத்துப்போயிருந்தது. ஒரே பொருள் தரும் சொற்களின் தடித்த அகராதியை எடுத்து, முதலாவதை விட்டுவிட்டு மற்ற நான்கையும் மாற்றினார்: வேரியபிள், ஃபிக்கிள், அன்ஸ்டேபிள், வோலடைல். பொத்தான் கடைக்காரர் ஐந்தும் ஐந்து விதமாக இருக்கிறதா என்று எழுத்துக்களை உற்றுப் பார்த்து, திருப்தியாய்க் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மருந்துக் கிடங்கின் அலுவலக அறை. மேசைக்கு அந்தப் பக்கம் தலைமை மருந்தாளர் அம்மா, இந்தப் பக்கம் அக்கா மகள், சுவரோரம் மாமா. மருந்தாளர் அம்மா உறையைப் பிரித்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமாங்கம்மா. ஒவ்வொரு வார்த்தையும் என் மனசுல இருந்து வந்தது," என்றார் மாமா, நெஞ்சில் கை வைத்து.

"அப்போ தமிழ்லயே சொல்றேன், கேளுங்க. கல்லாவுல வளைஞ்சு குடுப்பா. சரி. சரக்கறையில நேத்திக்கு ஒரு மாதிரி, இன்னிக்கு ஒரு மாதிரி. வாடிக்கையாளர்கிட்ட பேச்ச மாத்திக்கிட்டே இருப்பா. கூட்டம் வந்தா நிலை தடுமாறிடுவா. ஆள் இல்லாதப்போ எந்த நேரம் வெடிப்பான்னு சொல்ல முடியாது." தாளைக் கீழே வைத்தார். "இது சிபாரிசா, போலீஸ் புகாரா?"

மாமாவுக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி ஒரு முழம் கீழே இறங்கியதுபோல் இருந்தது. அக்கா மகள் திரும்பிப் பார்த்தாள். கோபமாய்ப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பார். முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அம்மா, எல்லாம் ஒரே அர்த்தம்தானேம்மா? மொழிபெயர்ப்புக் கடைக்காரன் புஸ்தகத்தைப் பாத்துத்தானே போட்டான்!" ஒரே சொல்லுக்கு ஐந்து தடவை காசு கொடுக்க மாட்டேன் என்று தான் மல்லுக்கு நின்றதையும் தட்டுத்தடுமாறி ஒப்புக்கொண்டார்.

"வார்த்தைங்க ஒரே குடும்பம்தான். குடும்பத்துல எல்லாரும் யோக்கியமா? வேரியபிள்னா விலைவாசிக்குச் சொல்லலாம். ஃபிக்கிள்னா ஏமாத்தின காதலனுக்குச் சொல்லலாம். அன்ஸ்டேபிள்னா ஆடுற ஏணிக்கு. வோலடைல்னு கிடங்குல ஸ்பிரிட் டப்பா மேலதான் ஒட்டியிருக்கோம். பக்கத்துல தீக்குச்சி கொண்டு போக மாட்டோம்."

அக்கா மகள் கை நீட்டித் தாளை வாங்கினாள். நான்கு வருஷ உழைப்பை ஒரு தடவை மேலிருந்து கீழே படித்தாள்.

"கடைசி வார்த்தை மட்டும் இருக்கட்டும் மேடம். இந்த நிமிஷத்துக்கு அது உண்மைதான். மாமாவ வெளிய அனுப்பினா சரியாயிடுவேன்."

மருந்தாளர் அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆனால் தாள் தாள்தான். உறை வந்ததுமே பதிவேட்டில் ஏறிவிட்டது, வேறு தாள் வைக்க வழியில்லை. தப்பான சொற்களை மாமா அடித்துப் பக்கத்தில் கையெழுத்திடலாம். அத்தனை அடித்தல் உள்ள சான்றை வைத்து நிரந்தர வேலை தர முடியாது என்றார்.

அவர் விரல் வைத்துக் காட்டிய நான்கையும் மாமா அடித்தார். வெளியே வந்து பேருந்து நிறுத்தம் வரை, "அம்மாடி… அம்மாடி…" என்று பின்னாலேயே ஓடினார்.

ஐந்து சொற்களில் அடிபட்டவை நான்கு, மிஞ்சியது ஒன்று. நிரந்தர வேலைக்குப் பதில் மூன்று மாதத் தற்காலிகம். வழிநெடுக மாமா மன்னிப்புக் கேட்டது பதினோரு தடவை. அவள் பதில் சொன்னது, இன்று வரை, ஒரு தடவைகூட இல்லை.