தற்போது வேலை செய்யும் இடம்

போன தடவை மார்னிக்கு இருபத்து நாலாவது வாரத்தில் வலி கண்டது. அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் அறுபத்தெட்டு கிலோமீட்டர் சாலையில், காரில் தனியாக இருந்தாள். பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை இருபதாவது வாரத்திலேயே டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்: தினமும் கார் ஓட்டக் கூடாது, வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டும்.

கடிதத்தை மேலாளர் கிளென்னிடம் நீட்டினாள்.

"கவலையே வேண்டாம், மார்ன்" என்றான் கிளென்.

நல்ல மனுஷன்தான், அதுதான் தொல்லை. நகராட்சியில் அவனிடம் யார் எதைக் கேட்டாலும் இதே பதில். அதற்குச் சரி என்றும் பொருள் உண்டு, மறந்துவிட்டேன் என்றும் உண்டு, இத்தோடு விடு என்றும் உண்டு. மார்னி விடவில்லை. எழுத்தில் கேட்டால் இருபத்தோரு நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். எழுதிக் கொடுத்தாள். பதினாலு நாள் கவலையில்லாமல் போயிற்று.

பதினைந்தாம் நாள் வந்து நின்றான்.

"ஒண்ணுமில்ல, ஒரு படிவம் இருக்கு. நாலு போட்டோ எடுத்து பெவ்வுக்கு அனுப்பிடு. வீட்டுல நீ உக்காரப்போற இடம் பத்திரமா இருக்கான்னு பாதுகாப்பு அதிகாரிங்கிற முறையில அவ பாக்கணுமாம்."

"எனக்கு இன்னும் ரெண்டு வாரம் போனா இருபத்து நாலு, கிளென்."

"தெரியும். கவலையே..."

"அதச் சொல்லாத."

கிளென் சொல்லவில்லை. போய்விட்டான்.

வீட்டில் மேசை போட ஒரே அறைதான் இருந்தது, பின்பக்கத்து அறை. ஒன்றரை வருஷமாகச் சாத்தியே கிடந்தது. உள்ளே, போன தடவைப் பிள்ளைக்காகக் கணவன் டாரில் தன் கையால் இழைத்து வெள்ளை அடித்த தொட்டில் இருந்தது. டாரில் அறுவடைக்குப் போயிருந்தான். டிசம்பரில் அந்தப் பக்கத்து ஆண்களை மனைவிமார் பார்ப்பதே அபூர்வம். மார்னி இரண்டு தடவை கதவின் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தாள். திறக்க மனம் வரவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வந்து படிவத்தை மறுபடி படித்தாள். 'நீங்கள் தற்போது வேலை செய்யும் இடத்தின் படங்களை இணைக்கவும்.'

எட்டு வருஷமாகக் கட்டட அனுமதி மனுக்களைப் படிக்கிறவள் அவள். கார் கொட்டகைக்கு மனுப் போட்டவன் நீளத்தை அகலத்துக்கான கட்டத்தில் எழுதினால், திருப்பி அனுப்புவாள். படிவத்தில் என்ன கேட்டிருக்கிறதோ அதற்குத்தான் பதில். தற்போது என்றால் தற்போதுதான்.

மறுநாள் அலுவலக மாடியில் தன் மேசையை நாலு பக்கமும் நின்று படம் எடுத்தாள். கேள்விகளுக்கும் உள்ளதை உள்ளபடி எழுதி, தெருப்பணிக் கிடங்கிலிருந்த பெவ்வுக்கு அனுப்பினாள். பெவ்வுக்கு முழங்கால் வலி. மாடிப் பக்கம் அவள் வந்து ஆறு வருஷம் ஆகிறது.

இருபதாம் நாள், தட்டில் ஒரு துண்டு லாமிங்டன் கேக்கோடு கிளென் வந்தான். கேக் வந்தால் விஷயம் சரியில்லை என்று மாடியில் எல்லோருக்கும் தெரியும்.

"மார்ன், தப்பா எடுத்துக்காத. உன் வீடு சரியில்லையாம்."

"யார் சொன்னா?"

"பெவ். கையெழுத்துப் போட்டே அனுப்பிட்டா. நானா சொல்லல, படிக்கிறேன் கேளு." கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "நடக்கிற வழியில வயர். கூரைல இருந்து வாளியில தண்ணி சொட்டுது. கழிப்பறைக்கு நாப்பத்தோரு படி இறங்கணும். தீப்பிடிச்சா வெளிய போற கதவ ஒரு கிறிஸ்துமஸ் அலங்கார பிளாஸ்டிக் கலைமான் மறிச்சிட்டு நிக்குது." நிமிர்ந்தான். "ஏம்மா, இப்படியா வீட்ட வெச்சிருப்ப? வாயும் வயிறுமா இருக்கிறவ!"

"கடைசி வரியையும் படி."

"'கர்ப்பிணி மட்டுமல்ல, யாருமே இங்கே உட்காரக் கூடாது. இன்றிலிருந்தே.'"

"இப்பப் படத்தப் பாரு."

பார்த்தான். வாளியைப் பார்த்தான். அந்த வாளி அவன் போன மாதம் கொண்டுவந்து வைத்தது. கலைமானைப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பிக் கதவருகே நின்ற கலைமானைப் பார்த்தான். கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"பெவ்வுக்குத் தெரியுமா?"

"கேட்டதுக்குப் பதில் எழுதினேன். நீயும் எழுதிக் குடு. நாளைக்கு இருபத்தோராம் நாள்."

கிளென் நின்றபடியே அனுமதி எழுதிக் கொடுத்தான். லாமிங்டனையும் அவனே தின்றான். அன்று சாயங்காலம் மாடியில் இருந்த ஒன்பது பேரும் கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், கிளென்னும்தான்.

பெவ் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் காலையில் போன் வந்தது.

"கெட்டிக்காரிதான் நீ. இப்ப நிஜ வீட்டு போட்டோவ அனுப்பு. அது இல்லாம ஆகாது."

மார்னி பின்பக்கத்து அறைக் கதவைத் திறந்தாள். தூசியைத் தட்டினாள். ஜன்னலோரமாக மேசையை இழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதாள். வயிற்றுக்குள் ஓர் உதை விழுந்தது. எழுந்து படம் எடுத்தாள்.

'நடக்கும் வழியில் தடுக்கும் பொருள் ஏதேனும் உண்டா?' என்று கேட்டிருந்தது படிவம்.

உள்ளதை உள்ளபடி எழுதினாள்: 'ஒரு தொட்டில். எடுக்க மாட்டேன்.'

பெவ் அதன் பக்கத்தில் ஒரு டிக் போட்டு அனுப்பினாள்.