ஏழாம் நம்பர் இண்டரப்ட்

மூன்றாவது பாடகர் குழுவும் முகம் சுளித்துக்கொண்டு படியிறங்கியது. பதிவு செய்த பாட்டு மறுபடியும் நடுவில் அறுந்திருந்தது. செபஸ்தியானுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. தன் ஒலிப்பதிவுக் கூடத்தைக் கெடுப்பது வீட்டோடு இருக்கும் மருமகன் ரொனால்டுதான். கணினியின் சவுண்டு கார்டை இயக்கும் டிரைவர் நிரலை எழுதியவன் அவன். அவன் அண்ணனோ வத்தலக்குண்டில் புதுக் கூடம் திறந்திருக்கிறான். இங்கே அறுந்தால் ஆட்கள் வேறெங்கே போவார்கள்?

திண்டுக்கல்லில் அவர் குடும்பத்தின் பேரைச் சொன்னால் நாற்காலி போடுவார்கள். அந்தப் பேர் போகலாமா? கணினிப் பெட்டியைத் திறக்க முடியாதபடி பூட்டினார். சம்பந்தி ஸ்டீபன்ராஜுக்குப் போன் போட்டு, "உங்க பையனைக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மறுநாள் காலை ரொனால்டு வந்து, "பெட்டியைத் திறக்கணும் மாமா" என்றான்.

"எதுக்கு? மிச்சத்தையும் கழட்டவா? செத்த நேரம் தெருவுல நில்லுங்க மாப்பிள்ளை."

அவன் போனதும் செபஸ்தியானே மைக்கில் ஒரு ஜெபம் சொன்னார். போட்டுக் கேட்டார். சுத்தமாக இருந்தது.

"பாத்தியா? அவன் இல்லைன்னதும் அறுந்துபோகலை."

மகள் ரோசலின் பிரிண்டரைப் போட்டாள். "இன்னொரு தடவை சொல்லுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, கேசட் லேபிளைப் பிரிண்டருக்கு அனுப்பினாள். இம்முறை ஜெபம் இரண்டு இடத்தில் அறுந்தது.

செபஸ்தியான் பிரிண்டரையே பார்த்தார். "போன மாசம் நான் வாங்குன இதுவா அறுக்குது?"

வாசலில் நின்ற ரொனால்டு சொன்னான்: "ஒரு துண்டு பதிவானதும் கார்டு இண்டரப்ட் அடிச்சுக் கூப்பிடும். டிரைவர் வந்து எடுத்துக்கும். பிரிண்டரும் அதே ஏழாம் நம்பர்லதான் கூப்பிடுது. ரெண்டும் சேந்தா ஒண்ணு தவறிப்போகுது. கார்டை அஞ்சுக்கு மாத்தணும். நம்பரை மாத்துற ஊசி கார்டுலயே, பெட்டிக்குள்ள இருக்கு."

"இதை முன்னாடியே சொல்ல என்ன?"

"நேத்துதான் பிடிபட்டுச்சு. வந்து பாத்தா பூட்டு."

செபஸ்தியான் பூட்டைத் திறந்தார். ஆனாலும் நகராமல் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊசி இடம் மாறியது. டிரைவரிலும் ஏழு ஐந்தானது. பிரிண்டர் ஓட ஓடப் பதிவு செய்தார்கள். எங்கும் அறுந்துபோகவில்லை.

அப்போது ஸ்டீபன்ராஜ் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். "எங்க, சம்பந்தி, அந்தக் களவாணிப் பய?"

"உக்காருங்க. பெட்டிக்குள்ள ரெண்டுக்கும் ஒரே நம்பர். அதான் கோளாறு."

"அதைச் சொல்லத்தான் பஸ் ஏத்தி வரவச்சீகளா?"

ரோசலின் தகப்பனையே பார்த்தாள். செபஸ்தியான் தோள்துண்டை எடுத்து மடித்தார்.

"இல்ல. உங்க பையன் மேல பழி போட்டேன். பிசகு எம்மேல. அவரைக் கூட்டிட்டுப் போயிராதீக."