ஃப்ரஸ்ட்ரேஷனுக்கு ஒரு பதில்

சனிக்கிழமை காலை, ஸ்ரீரங்கம் மேல உத்தர வீதி வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில், மடியில் ஆங்கில அகராதியோடு வீரராகவன். லால்குடியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சோபா காலியாகக் கிடக்க, வாசற்கதவை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் சின்னையா. சுவரோரம் தரையில் அவர் மருமகள் சுபலட்சுமி. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வீரராகவனின் மகள் மைத்ரேயி. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தவள், இன்னும் தூங்கவில்லை.

பேச்சு அங்கே இல்லாத ஐந்தாவது ஆளைப் பற்றியது. சின்னையாவின் மகன், சுபலட்சுமியின் கணவன் மாதவன்; வீரராகவனிடம் படித்தவன். வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போன இடத்தில், போன பங்குனியில் சாரத்திலிருந்து விழுந்தான். அன்றிலிருந்து அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். கூட ஒரு நர்ஸைப் போட்டு ஊருக்கு அனுப்பலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. கம்பெனி கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. எங்கே போய் முட்டினாலும் அந்தக் கையெழுத்தில்தான் வந்து நின்றது. கம்பெனிக்கு எத்தனை மெயில் போட்டாலும் ஒரே பதில்.

"வி அண்டர்ஸ்டாண்ட் யுவர் ஃப்ரஸ்ட்ரேஷன்" என்று சுபலட்சுமி தடுமாறாமல் சொன்னாள். படித்துப் படித்து மனப்பாடம். "அக்கா, அந்த ஃப்ரஸ்ட்ரேஷன்னா என்னக்கா?"

மைத்ரேயி யோசித்தாள். "எரிச்சல்னு சொல்லலாம். ஒண்ணு நடக்கணும்னு பாக்கறோம், நடக்க மாட்டேங்குது. அப்ப வருமே."

"சத்திரம் பஸ் ஸ்டாண்டுல லால்குடி பஸ்ஸு வராம நிக்கிறப்ப வருமே, அதுவா?"

"அதுவும்தான்."

"ஓ. அதுதான் அவங்களுக்குப் புரிஞ்சிருக்கா."

வீரராகவன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "மெயில் எல்லாம் காத்தோட போயிடறது. இந்தத் தடவை காகிதத்துல எழுதுவோம். ஒருத்தன் கையால பிரிச்சுத்தானே ஆகணும்? நான் ஒரு வார்த்தை எடுத்து வச்சிருக்கேன். அங்க்விஷ். வீ ஆர் இன் டீப் அங்க்விஷ்."

"அதுக்கு என்னங்க சார் அர்த்தம்?" என்றார் சின்னையா.

"தாங்க முடியாத மனவேதனை."

"வேதனை நம்மகிட்ட நெறைய கெடக்கு சார். அது அவனுக்குல்ல போய்ச் சேரணும்? சுருக்குன்னு தைக்கிற மாதிரி ஒண்ணு போடுங்க. கோவமாவே எழுதுங்க."

"கோவப்பட்டா காரியம் கெட்டுடும், சின்னையா."

"கெடறதுக்கு இன்னும் என்னங்க சார் பாக்கி இருக்கு?"

வீரராகவன் பக்கத்தைப் புரட்டினார். டிஸப்பாயின்டட் என்று படித்தார். அது சப்பென்று இருக்கிறதென்று அவரே தள்ளினார். அப்செட் என்றார். "அது வயித்துக்கு வர்றதில்லீங்களா?" என்று சின்னையா கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

மைத்ரேயிக்கு அந்த வார்த்தைகள் எல்லாம் தெரியும். தில்லை நகரில் அவள் உட்காரும் ஆபீஸில், தினம் ராத்திரி அவைதான் வந்து விழும். ஏதோ ஒரு தேசத்து விமானத்தில் பெட்டியைத் தொலைத்தவர்கள் எழுதுவார்கள்; மாயா என்ற பெயரில் இவள் பதில் போடுவாள். எந்த வார்த்தைக்கு எந்தப் பதில் என்று கட்டம் போட்டுத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அன்னாய்ட் என்று வந்தால் ஒரு மன்னிப்பு. டிஸப்பாயின்டட் என்றால் கருத்துச் சொன்னதற்கு நன்றி. ஃபெட் அப் என்றால் மேலதிகாரிக்கு அனுப்பியிருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். மேலதிகாரி என்பது பக்கத்து நாற்காலி அறிவுமதிதான். ஆங்க்ரி என்றால் மரியாதையாக எழுதச் சொல்லி ஓர் எச்சரிக்கை, அதோடு சரி. ஃப்ரஸ்ட்ரேட்டட் வந்தால் சுபலட்சுமி இப்போது ஒப்பித்த அதே வரி. கம்பெனி வேறு, ஊர் வேறு. வரியில் ஓர் எழுத்து மாற்றமில்லை.

"அக்கா, நீங்க இங்கிலீஷ்லயே வேலை பாக்குறவங்க. அவங்க மனசு இளகற மாதிரி ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

எல்லோரும் இவளைப் பார்த்தார்கள். பொய் சொல்ல மைத்ரேயிக்கு வாய் வரவில்லை.

"சுபா, அந்தப் பக்கம் முதலாளி உக்காந்து படிக்கறதில்லை. என்னை மாதிரி ஒருத்திதான் படிப்பா."

சுபலட்சுமியின் முகம் சட்டென்று தெளிந்தது. "அப்ப நல்லதாப் போச்சுக்கா! உங்கள மாதிரின்னா, படிச்சதுமே எந்திரிச்சுப் போயி பெரியவங்ககிட்ட சொல்லிருவாங்கல்ல?"

மைத்ரேயி லேப்டாப் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாதம் ஒரு பெண்மணி எழுதியிருந்தாள். தொலைந்த பெட்டிக்குள் அவள் அம்மாவின் அஸ்தி இருந்ததாம். கட்டத்தில் அஸ்திக்கு இடமில்லை. கடிதத்தில் ஃப்ரஸ்ட்ரேட்டட் என்று ஒரு வார்த்தை தட்டுப்பட்டது. அதற்குரிய பதிலை அனுப்பிவிட்டு மாயா அடுத்ததைத் திறந்தாள். எழுந்து போகவில்லை. எழுந்தாலும் அந்த ஆபீஸ் மாடியில் போய்ச் சொல்ல ஓர் ஆள் கிடையாது.

"சொல்லுவாங்கல்லக்கா?"

"தெரியலை, சுபா."

அந்தக் குரலில் என்ன கேட்டதோ, சுபலட்சுமி தெளிந்த முகத்தை மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "அப்பக் கோவமும் வேணாம், வேதனையும் வேணாம்" என்றாள். "அவர அனுப்பச் சொல்லியும் கேக்க வேணாம்."

"என்ன புள்ள பேசற?" சின்னையா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"இல்ல மாமா, கேட்டுக் கேட்டுத்தான் பாத்தாச்சே. அக்கா, இத மட்டும் எழுதுங்க. அவருக்கு மல்லாந்து படுத்தா மூச்சு முட்டும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். அங்கேருந்து வந்த போட்டோவுல மல்லாத்தியே போட்டிருக்காங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கச் சொல்லுங்க. வலப்பக்கமா. முதுகுக்கு ஒரு தலகாணி அண்டக் குடுக்கணும்."

சின்னையா மறுபடி உட்கார்ந்தார், இந்தமுறை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து. வீரராகவன் அகராதியை மூடினார். "எழுதும்மா" என்றார். அதற்கு அகராதி தேவைப்படவில்லை. மைத்ரேயி காகிதத்தில் கையாலேயே எழுதினாள். மூன்று வரிக்கு மேல் வரவில்லை. கீழே சுபலட்சுமி தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

தபாலாபீஸ் மூடுவதற்குள் மைத்ரேயியும் சேர்ந்து மூவருமாகப் போய்விட்டார்கள். சின்னையா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, உறையின் விளிம்பில் பசையைத் தடவி, ஓரம் தூக்காமல் விரலால் நீவி நீவி ஒட்டினார். ஜன்னலுக்குள்ளிருந்த பெண் எடை பார்த்தாள்.

"உள்ள என்னங்க, டாக்குமெண்ட்டா?"

"லெட்டருங்க" என்றாள் சுபலட்சுமி.

"எப்பப் போய்ச் சேரும்?" என்று சின்னையா கேட்டார்.

"போயிரும்ங்க" என்றாள் அந்தப் பெண், ரசீதைக் கிழித்துக்கொண்டே.

படுக்கைக்கும் தலையணைக்கும் கட்டத்தில் என்ன பதில் என்று மைத்ரேயி மனதுக்குள் தேடிப் பார்த்தாள். எதுவும் பொருந்தாதவற்றுக்கென்று கடைசியில் ஒரு வரிசை உண்டு. அதில் போடுவதை யாரும் திறப்பதில்லை. உள்ளே முத்திரை விழுந்தது. அந்தப் பெண் உறையை முதுகுக்குப் பின்னால் இருந்த சாக்குக்குள் திரும்பிப் பார்க்காமலே போட்டாள்.